பழைய எஞ்சினில் எதைத் திரும்பப் பூட்டலாம்?

பழைய மோட்டார் வண்டியின் எஞ்சினைக் கழற்றிப் பலகையிற் பரப்பியதும் சொந்தக்காரர் கேட்பது, "இவற்றில் எவற்றைத் திரும்பப் பூட்டலாம்?" என்பதே. வாடகைக்கு ஓடும் வண்டியாயின், ஒரு குடும்பத்தின் அடுத்த மாதச் சாப்பாடும் அக்கேள்வியில் அடங்கியிருக்கும்.

யாழ்ப்பாணத்து மொறிஸ் மைனரையே எடுத்துக்கொள்வோம். 1956இல் வெளிவந்த மைனர் 1000 வகை, 948 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள நாற்சிலிண்டர் எஞ்சினைக் கொண்டது. 1990களில் பொருளாதாரத் தடை நிலவியபோது இத்தகைய பழைய கார்கள் பல மண்ணெண்ணெயில் ஓடின. முற்றாக ஆவியாகாத மண்ணெண்ணெய், சிலிண்டர்ச் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவி, வளையங்களைக் கடந்து கீழிறங்கி, எஞ்சின் எண்ணெயையும் நீர்க்கச் செய்யும். அவ்வாறு ஓடிய எஞ்சினில் சிலிண்டரும் பேரிங்கும் ஒருங்கே தேய்ந்திருப்பது வியப்பன்று.

சிலிண்டர் மேலிருந்து கீழ்வரை ஒரேயளவாகத் தேய்வதில்லை. மேல்வளையம் சென்று திரும்பும் இடத்திலேதான் தேய்வு மிகுதி. அதற்கு மேலே, வளையம் தொடாத பகுதி ஒரு விளிம்பாக எஞ்சி நிற்கும். நகத்தால் தடவினாலே தட்டுப்படும். செலவைச் சுருக்க எண்ணிப் புதுவளையம் மாத்திரம் பூட்டுவோர் இதனை மறந்துவிடுகின்றனர். பழைய வளையத்தின் முனை அவ்விளிம்புக்கேற்ப மழுங்கியிருந்தது; புதியதன் கூர்முனையோ அதில் மோதி உடையும். தேய்வு சிறிதாயின் விளிம்பை வெட்டி நீக்கிவிட்டுப் புதுவளையம் போடலாம். அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்கில் 8, 10 என்று அளவு காட்டினால், சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் பூட்டுவதே முறை.

கிராங்க் தண்டின் பளபளப்பை நம்பலாகாது. மைக்கிரோமீற்றரை இரு திசைகளிலும் வைத்து அளந்தாற்றான், தாங்குமிடம் வட்டமாக உள்ளதா, முட்டை வடிவாகிவிட்டதா என்பது தெரியும். பிசகியிருந்தால் அரைத்துச் சீராக்கி, 10, 20, 30, 40 பங்கு குறைந்த அளவுகளில் வரும் பேரிங்கைப் பொருத்தலாம். நாற்பதையும் எட்டிவிட்ட தண்டுக்கு மறுபிழைப்பு அரிது.

ஓர் உறுப்பு முறிந்தால் தன்னோடு எதைக் கொண்டுபோகும் என்பதையும் எண்ணவேண்டும். பிஸ்டன் கோலைக் கிராங்க் தண்டோடு பிணைக்கும் போல்ற் அற்பமானதுதான். ஓட்டத்தில் அது அறுந்தால் கோல் எஞ்சினின் சுவரையே உடைத்து வெளிவரும். மரை இழுபட்ட போல்ற்றை, "இன்னும் கொஞ்சக் காலம் ஓடும்" என்று பூட்டித் தரும் கராஜ்காரரின் இரக்கம் எனக்கு உவப்பானதன்று. காஸ்கெற், எண்ணெய்த் தடுப்பு வளையம் ஆகியவற்றைப் பற்றி ஆலோசனையே வேண்டாம், புதியனவே இடுக. உச்சி விளிம்பு கத்திபோல் மெலிந்த வால்வும் விரைவில் எரிந்துபோகும்.

கெம் தண்டின்மேல் ஏறியிறங்கும் எட்டுத் தப்பெற்றுகள் வேறு வகையானவை. முகத்திற் குழியின்றி இருந்தால், பழைய கெம் தண்டோடு அவற்றைத் தாராளமாகத் திரும்பப் போடலாம். ஆனால் ஒவ்வொன்றும் தன் கெம்மோடு உராய்ந்து பழகியது. இடம் மாறினால் இரண்டும் கெடும். கழற்றும்போதே ஒரு பலகையில் எட்டுத் துளையிட்டு, இலக்கமிட்டு, வரிசைப்படி நிறுத்திவைத்தல் வேண்டும்.