விழும் துப்பாக்கியைப் பிடிக்காதீர்கள்

2008 நவம்பர் இறுதியில் ஓர் இரவு. நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில் உள்ள கேளிக்கை விடுதி ஒன்றுக்குப் போனார் ப்ளாக்ஸிகோ பர்ரஸ். அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்கு சூப்பர் பவுல் கோப்பையை வென்று தந்த அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம் அவர். கால்சட்டையின் இடுப்புப் பட்டைக்குள் ஒரு க்ளாக் பிஸ்டலை உறையில்லாமல் செருகியிருந்தார். அது நழுவிக் காலோடு சரிந்தது. பிடிக்கக் கை போனது. துப்பாக்கி வெடித்துக் குண்டு அவருடைய வலது தொடையில் பாய்ந்தது. உரிமமில்லாத ஆயுதம் வைத்திருந்த குற்றத்துக்கு அடுத்த ஆண்டு 2 ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது.

2018 ஜூனில் டென்வர் நகரில் நடந்தது இதைவிடத் தெளிவான பாடம். பணி நேரத்துக்கு வெளியே ஒரு மதுக்கூடத்தில் நடனமாடிய எஃப்.பி.ஐ. அதிகாரி பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடித்தார். இடுப்பிலிருந்த பிஸ்டல் தரையில் விழுந்தது. விழுந்தபோது அது வெடிக்கவில்லை. அவர் அவசரமாகக் குனிந்து எடுத்தபோதுதான் வெடித்தது. அருகில் இருந்த ஒருவரின் காலில் குண்டு பாய்ந்தது.

துப்பாக்கி தானாக வெடித்துவிட்டது என்று செய்திகளில் படிக்கிறோம். இந்த இரண்டு நிகழ்வுகளிலும் அது தானாக வெடிக்கவில்லை. வெடிக்க வைத்தது கை. ஆயுதம் மறைத்து எடுத்துச் செல்வோர் கற்றுக்கொள்ள வேண்டிய பழக்கங்கள் எல்லாம் இந்த ஓர் உண்மையிலிருந்தே தொடங்குகின்றன.

ஒரு காலத்தில் நிலைமை வேறு. 1873இல் வந்த கோல்ட் ரிவால்வரில் சுத்தியலின் முனை நேராகத் தோட்டாவின் அடிப்பகுதியில் உள்ள ப்ரைமருக்கு எதிரே நிற்கும். ப்ரைமர் என்பது அடிபட்டால் தீப்பற்றும் ரசாயனம் அடைத்த சிறு கிண்ணம். துப்பாக்கி கீழே விழுந்து சுத்தியலின் பின்பக்கம் தரையில் மோதினால் அந்த அடி அப்படியே ப்ரைமருக்குப் போய்விடும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் ஆறு அறைகளில் ஐந்தில் மட்டும் தோட்டா போட்டு, சுத்தியலுக்கு எதிரே உள்ள அறையைக் காலியாக வைத்தார்கள்.

1944இல் அமெரிக்கக் கடற்படைக் கப்பலின் இரும்புத் தளத்தில் விழுந்த ஒரு ஸ்மித் அண்ட் வெஸன் ரிவால்வர் வெடித்து மாலுமி ஒருவர் உயிரிழந்தார். நிறுவனம் உடனே சுத்தியலுக்கும் தோட்டாவுக்கும் இடையே வலுவான தடுப்பு ஒன்றைச் சேர்த்தது. 1973இல் ரூகர் நிறுவனம் தன் ரிவால்வர்களுக்கு வேறொரு வழியைக் கொண்டுவந்தது. சுத்தியலுக்கும் ப்ரைமரை அடிக்கும் ஊசிக்கும் நடுவே எப்போதும் ஓர் இடைவெளி. விசையை முழுமையாக இழுத்தால் மட்டுமே ஓர் இரும்புத் தகடு மேலெழுந்து அந்த இடைவெளியை நிரப்பும். தகடு இல்லாமல் சுத்தியல் எத்தனை வேகமாக அடித்தாலும் ஊசி அசையாது. இன்றைய பெரும்பாலான பிஸ்டல்களிலும் இதே தத்துவம்தான். விசை இழுபடும்வரை ஒரு சிறு உலோகக் கட்டை ஊசியின் வழியை மறித்து நிற்கிறது. கலிஃபோர்னியாவில் புதிய கைத்துப்பாக்கி விற்பனைக்கு வரவேண்டுமானால், 1 மீட்டருக்குச் சற்றே கூடுதலான உயரத்திலிருந்து கான்கிரீட் தரையில் பல கோணங்களில் போட்டாலும் வெடிக்கக் கூடாது என்பது சட்டம்.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. 2017இல் சிக் சாவர் நிறுவனத்தின் பி320 பிஸ்டல் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் விழுந்தால் வெடிப்பது தெரியவந்தது. கனமான விசை, விழுந்த வேகத்தில் தன் சடத்துவத்தாலேயே பின்னோக்கி நகர்ந்து தன்னைத் தானே இழுத்துக்கொண்டது. நிறுவனம் எடை குறைந்த விசையை இலவசமாகப் பொருத்தித் தர முன்வந்தது. பழைய ஆயுதங்களுக்கும் இந்த எச்சரிக்கை உண்டு. 2024 அக்டோபரில் மும்பையில் இந்தி நடிகர் கோவிந்தாவின் காலில் குண்டு பாய்ந்தபோது, அலமாரியில் வைக்கப் போன ரிவால்வர் கை தவறி விழுந்து வெடித்ததாகவே அவர் தரப்பு சொன்னது. ஆகவே கையிலிருப்பது எந்த வகை, எந்தக் காலத்தது, விழுந்தால் தாங்குமா என்பதை அறிந்துகொள்வது உரிமையாளரின் முதல் கடமை.

நல்ல நிலையிலுள்ள நவீன துப்பாக்கி கை நழுவினால் என்ன செய்வது? விட்டுவிட வேண்டும். இடுப்பு உயரமான 1 மீட்டரிலிருந்து ஒரு பொருள் தரையைத் தொட ஏறக்குறைய 0.45 விநாடி ஆகிறது. கண் பார்த்து, மூளை கட்டளையிட்டு, கை அசையத் தொடங்குவதற்குள் அதில் பாதி கழிந்துவிடும். எஞ்சிய நேரத்தில், சுழன்றுகொண்டே விழும் பொருளைக் கை குருட்டாம்போக்கில்தான் பற்ற முடியும். நழுவிய டம்ளரை எட்டிப் பிடிக்கும் அதே அனிச்சைதான் இங்கும் வேலை செய்கிறது. ஆனால் டம்ளரில் விரல் நுழைந்து இழுக்க ஒரு விசை கிடையாது. தரையில் விழுந்த துப்பாக்கியை, நிதானமாக, குழல் யார் பக்கமும் திரும்பாதபடி, விரலை வெளியே வைத்து எடுத்தால் போதும்.

விரல் ஏன் இத்தனை முக்கியம்? அமெரிக்க உடலியக்கவியல் அறிஞர் ரோஜர் எனோகா, நாம் எண்ணாமலே விரல் மடங்கும் மூன்று தருணங்களைச் சுட்டிக்காட்டினார். திடீர்ச் சத்தம் கேட்டுத் திடுக்கிடுவது ஒன்று. கால் இடறித் தடுமாறுவது இன்னொன்று. மூன்றாவது, ஒரு கை எதையாவது இறுகப் பற்றும்போது மறு கையின் தசைகளும் கூடவே இறுகுவது. ஒரு கையால் குழந்தையின் கையைப் பிடித்து இழுப்பவரின் மற்றொரு கையில் துப்பாக்கி இருந்தால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள். ஜெர்மனியில் கிறிஸ்டோஃபர் ஹைமும் சகாக்களும் விசையில் அழுத்த உணரிகள் பொருத்திய பிஸ்டலைக் கொடுத்துச் சோதித்தார்கள். கால்களும் மறு கையும் வேலை செய்யும்போது ஆயுதம் ஏந்திய கையிலும் அழுத்தம் கூடியதை உணரிகள் பதிவு செய்தன.

வழக்கமான க்ளாக் பிஸ்டலின் விசையை இழுக்கச் சுமார் 2.5 கிலோ அழுத்தம் போதும். விபத்தைக் குறைப்பதற்காக நியூயார்க் காவல்துறை இதை ஏறக்குறைய 5.4 கிலோவுக்கு உயர்த்தி வைத்திருந்தது. ஆனாலும் 2014 நவம்பரில் ப்ரூக்ளினில் ஒரு குடியிருப்பின் இருண்ட படிக்கட்டில், ஏதோ சத்தம் கேட்டுத் திடுக்கிட்ட புதிய காவலரின் துப்பாக்கி வெடித்தது. சுவரில் பட்டுத் தெறித்த குண்டு, கீழ்த்தளத்தில் படிக்கட்டுக்கு வந்த நிராயுதபாணி இளைஞர் ஒருவரின் உயிரைப் பறித்தது. திடுக்கிட்ட உடலின் பிடிக்கு முன் 5 கிலோகூடப் பெரிய தடையில்லை. எனவே, சுடுவது என்று முடிவெடுக்கும் கணம்வரை சுட்டுவிரல், விசையைச் சுற்றியுள்ள விசைக்கூண்டுக்கு மேலே, துப்பாக்கியின் பக்கவாட்டில் நீட்டிப் படிந்திருக்க வேண்டும். திடுக்கிட்டு விரல் மடங்கினாலும் அது உலோகச் சட்டத்தைத்தான் அழுத்தும். இந்தப் பழக்கம் யோசிக்காமலே வரும் அளவுக்கு ஊற வேண்டும். ஆபத்து நேரத்தில் யோசிக்க அவகாசம் இருக்காது.

விரலுக்கு அடுத்த ஆபத்து துணி. துப்பாக்கியை உறையில் திரும்பச் செருகும்போது சட்டையின் ஓரமோ, மேலங்கியின் இழுகயிறோ விசைக்கூண்டுக்குள் புகுந்துவிடலாம். உறைக்குள் தள்ளத் தள்ள அது விசையை இழுக்கும். வேலை செய்வது துணி. விளைவு விரல் இழுத்ததைப் போலவேதான். நைந்து மடிந்த தோல் உறையும் இதையே செய்யும். எனவே விசைக்கூண்டை முழுதும் மூடும் விறைப்பான உறை வேண்டும். செருகும்போது துணியை விலக்கி, கண்ணால் பார்த்து, மெதுவாகச் செருக வேண்டும். சிறு தடை தென்பட்டாலும் அழுத்தாமல் வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். உறையிலிருந்து எடுக்கத்தான் வேகம் தேவைப்படலாம். திரும்ப வைக்க எந்த அவசரமும் இல்லை.

உடலைவிட்டு விலகும் ஆயுதம் இன்னொரு வகை அபாயம். 2014 டிசம்பர் 30 அன்று ஐடஹோ மாநிலத்தின் ஹேடன் நகரில், ஒரு பேரங்காடியில் பொருள் வாங்கிக்கொண்டிருந்த 29 வயதுத் தாயின் கைப்பைக்குள் 2 வயது மகன் கையை விட்டான். உள்ளே இருந்த துப்பாக்கி வெடித்து அந்தத் தாய் அங்கேயே இறந்தார். அவர் அணுசக்தி ஆய்வகத்தில் பணியாற்றிய விஞ்ஞானி. பை, துப்பாக்கி வைப்பதற்கென்றே தைத்தது. அறிவும் பயிற்சியும் உள்ளவருக்கே இது நேர்ந்தது. தோளிலிருந்து இறங்கிய பை, உரிமையாளரின் கட்டுப்பாட்டிலிருந்தும் இறங்கிவிடுகிறது.

மறதியும் பெரிய எதிரி. 2023இல் மட்டும் அமெரிக்க விமான நிலையச் சோதனைச் சாவடிகளில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன. அவற்றில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவை தோட்டா நிரப்பியவை. 2015இல் வாஷிங்டன் நாடாளுமன்ற வளாகத்தில், பாதுகாப்புக் காவலர் ஒருவர் கழிவறையில் விட்டுச்சென்ற துப்பாக்கியை ஒரு சிறுவன் கண்டெடுத்தான். பொதுக் கழிவறையில் துப்பாக்கியைக் கொக்கியிலோ தொட்டி மேலோ வைக்காமல், உறையோடு, கைக்கெட்டும் இடத்தில், உடையோடு பிணைத்தே வைத்திருக்க வேண்டும். வீட்டில் தோட்டாவை அகற்றும்போதும் வரிசை முக்கியம். முதலில் தோட்டாக்கள் அடுக்கிய மேகசின், பிறகு மேற்பகுதியை இழுத்து அறையில் எஞ்சிய தோட்டா. வரிசை மாறினால் மேகசினிலிருந்து புதிய தோட்டா ஒன்று அறைக்குள் ஏறி உட்கார்ந்துவிடும். காலி என்று நம்பியவரின் கையில் அது வெடிக்கும்.

அமெரிக்காவில் தவறுதலான வெடிப்புகளால் ஆண்டுக்குச் சுமார் 500 பேர் இறக்கிறார்கள். 29 மாநிலங்களில் மறைத்து எடுத்துச் செல்லத் தனி அனுமதியே தேவையில்லை. அங்கெல்லாம் பயிற்சி என்பது அவரவர் மனசாட்சிக்கு விட்ட விஷயமாகிவிட்டது. கடைவரிசையில் பக்கத்தில் நிற்பவரின் இடுப்பில் ஆயுதம் இருப்பது நமக்குத் தெரியாது. அவருடைய உறை எப்படிப்பட்டது, விரல் எங்கே பழகியது என்பதும் தெரியாது. தெரியாமலே நம் உயிரை அந்தப் பழக்கங்களிடம் ஒப்படைத்திருக்கிறோம். ஆயுதத்தை மறைத்துக்கொள்ளும் உரிமை ஒருவருக்கு இருக்குமானால், அதை அறியாமல் அருகில் நிற்பவரைக் காக்கும் பொறுப்பு முழுக்க முழுக்க அவருடையதே. அந்தப் பொறுப்பை ஏற்க முடியாதவர் ஆயுதத்தை வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டு வருவதுதான் நியாயம்.