யாருடைய வரி இது?

இறுதியாண்டு புராஜெக்ட் என்றால் மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு வெப் அப்ளிகேஷன் செய்வது இப்போது வழக்கமாகி விட்டது. ஒருவர் தேர்வுக் கட்டணம், ஒருவர் நூலகம், ஒருவர் விடுதி மெஸ் கணக்கு. மூன்றையும் ஒரே வார் ஃபைலாகக் கட்டி ஒரே டாம்கேட் சர்வரில் ஏற்றுவோம். ஓடுகிற வரைக்கும் எல்லோரும் அண்ணன் தம்பிகள். நின்று போச்சு என்றால்தான் ஆரம்பிக்கும், "உன் பகுதிதான் கெடுத்துச்சு", "இல்லடா, உன்னுதுதான்" என்று. லாக் ஃபைலைத் திறந்தால் மூன்று பேர் வரிகளும் இடியாப்பமாய்ப் பின்னிக் கிடக்கும். பணம் கட்டிய ஒரு மாணவனுக்கு ரசீது விழவில்லை என்றால், நாம் தேடி முடிக்கும் வரை அவன் ஹால் டிக்கெட் இல்லாமல் நிற்க வேண்டியதுதான்.

லாக் என்ற சொல்லுக்கு மரக்கட்டை என்றுதான் பொருள். பாய்மரக் கப்பல் காலத்தில் முடிச்சுப் போட்ட கயிற்றில் கட்டையைக் கட்டிக் கடலில் விட்டு, குறித்த நேரத்தில் எத்தனை முடிச்சு ஓடுகிறது என்று எண்ணி வேகம் பார்த்தார்கள். அதை எழுதிய நோட்டு லாக் புக். கப்பல் வேகத்தை இன்றும் நாட், அதாவது முடிச்சு என்று சொல்வது இதனால்தான்.

நம் விஷயத்துக்குக் கப்பலை விட மளிகைக் கடை பொருத்தம். அங்கே நாளேடு ஒன்று, பேரேடு ஒன்று. நாளேட்டில் நடந்த வரிசைப்படி எல்லாமே இருக்கும். பேரேட்டில் ஆளுக்கொரு பக்கம். நம்மில் பலர் நாளேட்டோடு நிறுத்தி விடுகிறோம். பேரேடு போடுவது எப்படி என்று பார்ப்போம்.

ஜாவாவில் லாக்4ஜே 2-ஐ எடுத்துக்கொள்வோம். கிளாஸ் பெயரைக் கொடுத்து லாகர் வாங்கினால், பேக்கேஜோடு சேர்ந்த முழுப் பெயரே லாகரின் பெயராகி விடும். அந்தப் பெயரில் உள்ள புள்ளிதான் சூட்சுமம். காலேஜ்.ஃபீஸ் என்பது காலேஜ் என்பதன் பிள்ளை. எல்லோருக்கும் மேலே ரூட் என்ற பெரியவர். ஆகவே ஆரம்பத்திலேயே பகுதிக்கு ஒரு பேக்கேஜ் என்று பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. லாக்4ஜே2.எக்ஸ்எம்எல் ஃபைலில் மூன்று அப்பெண்டர் எழுத வேண்டும். அப்பெண்டர் என்பது வரி போய்ச் சேரும் இடம், இங்கே ஒரு ஃபைல். பிறகு மூன்று லாகர் எழுதி, ஒவ்வொன்றையும் அதனதன் அப்பெண்டரோடு இணைக்க வேண்டும். அவ்வளவுதான், கோடில் ஒரு வரி மாற வேண்டாம்.

ஓட்டிப் பார்த்தால் கட்டண வரி கட்டண ஃபைலிலும் இருக்கும், பொது ஃபைலிலும் இருக்கும். இது பழுதல்ல. பிள்ளைக்கு வந்தது பெற்றோருக்கும் போகும்; அடிட்டிவிட்டி என்று பெயர். வேண்டாமென்றால் லாகரில் அடிட்டிவிட்டியை ஃபால்ஸ் என்று போடலாம். நான் போட வேண்டாம் என்பேன். முதலில் கட்டணம் விழுந்ததா, நூலகம் விழுந்ததா என்று கேட்டால் நாளேடுதான் பதில் சொல்லும். பொது ஃபைலுக்குப் பிழைகள் மட்டும் போனால் போதும் என்று ரூட் லாகரில் எரர் என்று லெவல் வைப்பார்கள், ஆனாலும் டீபக் வரிகள் கொட்டும். காரணம், லெவலை முதல் லாகரிடம்தான் கேட்பார்கள். அங்கே தாண்டிய வரியை மேலே உள்ள லாகர் தடுக்காது. அப்பெண்டரை இணைக்கும் வரியிலேயே லெவலை எழுதினால் நின்று விடும்.

அடுத்தது கொஞ்சம் தலைவலி. டேட்டாபேஸ் இணைப்பு போன்ற பொதுக் கிளாஸை மூன்று பகுதிகளும் கூப்பிடும். அதன் லாகர் பெயரில் யார் கூப்பிட்டது என்பது இருக்காது. இதற்குத்தான் த்ரெட் கான்டெக்ஸ்ட். வேண்டுகோள் உள்ளே வந்ததும், ஒரு ஃபில்டரில் பகுதியின் பெயரை அதில் போட்டு விட்டால், ரவுட்டிங் அப்பெண்டர் அதைப் பார்த்து அந்தந்த ஃபைலுக்கு அனுப்பும். வேலை முடிந்ததும், எக்செப்ஷன் வந்தாலும் சரி, ஃபைனலி பிளாக்கில் அதை அழித்தே ஆக வேண்டும். டாம்கேட் ஒரே த்ரெட்டை அடுத்தவருக்கும் கொடுக்கும். அழிக்காத பெயர் அதிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் மெஸ் பிழை கட்டண ஃபைலில் போய் உட்கார்ந்து கொள்ளும். பழி யார் மேல் விழும் என்று சொல்லவே வேண்டாம்.

ஃபைல் பெருத்து டிஸ்க் நிரம்பாமல் இருக்க ரோலிங் ஃபைல் அப்பெண்டர் போடுங்கள். 10 எம்பி ஆனதும் புது ஃபைல், பழையது 7 என்று வைத்தால் ஒரு பகுதிக்கு ஏறத்தாழ 80 எம்பியோடு முடியும். நேரத்தை எல்லா ஃபைலிலும் மில்லிசெகண்டோடு ஒரே மாதிரி எழுதினால்தான் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.

எந்த ஜாரைப் போடுகிறோம் என்பதும் முக்கியம். பழைய லாக்4ஜே 1-க்கு 2015 ஆகஸ்டோடு ஆதரவு முடிந்து விட்டது. லாக்4ஜே 2-இலோ 2021 டிசம்பரில் லாக்4ஷெல் என்ற ஓட்டை வெளியே வந்தது. லாகில் பதிவாகும் வரிக்குள் ஒரு குறிப்பிட்ட குறியீட்டை வைத்தால், சர்வர் வெளியிலிருந்து கோடை வரவழைத்து ஓட்டி விடும். மைன்கிராஃப்ட் விளையாட்டின் சாட்டில் ஒரு வரி தட்டியே சர்வரைப் பிடிக்க முடிந்தது. தீவிரத்துக்கு 10-க்கு 10 மதிப்பெண்! திருத்தம் அடுத்தடுத்து வந்தது, 2.17.1 அல்லது அதற்குப் பிந்தையதைப் போடுங்கள். சீனியர் கொடுத்த புராஜெக்டைக் காப்பி அடித்து ஆரம்பிப்பவர்கள் முதலில் அதன் லிப் ஃபோல்டரைத் திறந்து, ஜார் பெயரின் கடைசியில் உள்ள எண்ணைப் பார்த்து விடுங்கள்.