வங்கிகளில் மேலாண்மைப் பாணியும் பணியாளர் செயல்திறனும்

மேலாண்மைப் பாணி என்பது மேலாளர்கள் முடிவெடுத்து, பணிகளைப் பகிர்ந்தளித்து, பணியாளர்களை வழிநடத்தும் முறை ஆகும். வங்கித் தொழிலில் இது பணியாளர்களின் செயல்திறனை மட்டுமன்றி, வங்கியின் மீது வாடிக்கையாளர் கொண்டுள்ள நம்பிக்கையையும் பாதிக்கின்றது.

வகைகள்

1930களின் இறுதியில் உளவியலாளர் கர்ட் லெவினும் அவருடைய குழுவினரும் சிறுவர் குழுக்களைக் கொண்டு நடத்திய ஆய்வில் பின்வரும் மூன்று பாணிகள் ஒப்பிடப்பட்டன:

* அதிகாரப் பாணி - தலைவர் மட்டுமே முடிவெடுப்பார்.
* மக்களாட்சிப் பாணி - குழுவினர் கலந்து பேசி முடிவெடுப்பர்.
* தலையிடாப் பாணி - தலைவர் குழுவினரை அவர்கள் போக்கில் விட்டுவிடுவார்.

தலைவர் அறையை விட்டு வெளியேறியபோது, அதிகாரப் பாணிக் குழுக்களில் வேலை குறைந்தது. மக்களாட்சிப் பாணிக் குழுக்களில் பெரும்பாலும் தொடர்ந்தது.

வங்கிகளில் செயல்திறனை அளத்தல்

வங்கிக் கிளையொன்றில் திறக்கப்படும் கணக்குகள், வழங்கப்படும் கடன்கள் போன்றவற்றை எண்ணுவது எளிது. வாடிக்கையாளருக்கு ஏற்ற சேவை வழங்கப்பட்டதா, ஆவணங்கள் கவனமாகச் சரிபார்க்கப்பட்டனவா என்பவற்றை அளப்பது கடினம். மேலாளர் எண்ணிக்கையை மட்டும் வலியுறுத்தினால், பணியாளரின் கவனமும் அதன்பாலே செல்லும்.

எடுத்துக்காட்டு: வெல்ஸ் பார்கோ

ஐக்கிய அமெரிக்காவின் வெல்ஸ் பார்கோ வங்கி, ஒவ்வொரு வாடிக்கையாளரும் தன்னிடம் எட்டுச் சேவைகளைப் பெறவேண்டும் என்பதை இலக்காகக் கொண்டிருந்தது. கிளைப் பணியாளர்களுக்கு விற்பனை இலக்குகள் விதிக்கப்பட்டன. வேலையை இழக்க நேரிடும் என்று அஞ்சிய பலர், வாடிக்கையாளரின் ஒப்புதலின்றியே கணக்குகளைத் திறந்தனர். இந்த அழுத்தம் பற்றி 2013 இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழ் செய்தி வெளியிட்டது.

செப்டெம்பர் 2016 இல் அவ்வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. ஏறத்தாழ 5,300 பணியாளர்கள் பணிநீக்கப்பட்டிருந்தனர். அக்டோபரில் தலைமைச் செயல் அலுவலர் ஜான் ஸ்டம்ப் பதவி விலகினார். ஒப்புதலின்றித் திறக்கப்பட்டிருக்கக்கூடிய கணக்குகள் 35 இலட்சம் வரை இருக்கலாம் என 2017 இல் வங்கி மதிப்பிட்டது. நடுவண் வங்கியான பெடரல் ரிசர்வ், 2018 இல் வெல்ஸ் பார்கோவின் சொத்து வளர்ச்சிக்கு விதித்த வரம்பு 2025 இல்தான் நீக்கப்பட்டது.

படிப்பினை

வங்கியின் இயக்குநர் குழு ஏப்ரல் 2017 இல் வெளியிட்ட அறிக்கை, விற்பனை அழுத்தத்துடன், கிளைகளை நடத்திய பிரிவின் தலைமைக்கு அளவுக்கு மீறி அளிக்கப்பட்ட தன்னுரிமையையும் காரணமாகக் காட்டியது. அதாவது, கீழ்மட்டத்தில் அதிகாரப் பாணியும் மேல்மட்டத்தில் தலையிடாப் பாணியும் ஒரே நிறுவனத்தில் நிலவின. விற்பனை எண்ணிக்கையைக் கொண்டு பார்த்தால் கிளைகளின் செயல்திறன் உயர்ந்ததாகவே தோன்றியது. அவ்வெண்ணிக்கையின் ஒரு பகுதி போலியானது என்பது பின்னரே வெளிவந்தது. சேவை விற்பனை இலக்குகளை 2016 இல் கைவிட்ட வங்கி, 2017 இல் வாடிக்கையாளர் சேவையை முதன்மையாகக் கொண்ட ஊக்கத்தொகை முறையைக் கொண்டுவந்தது.