மழை தங்காத மலை

வடகிழக்குச் சாலை – 7

சென்னையில் ஓராண்டு முழுக்கப் பெய்யும் மழை சராசரியாக 1,400 மில்லிமீட்டர். 1995 ஜூன் 16 அன்று சிரபுஞ்சியில் ஒரே நாளில் கொட்டியது 1,563 மில்லிமீட்டர். இந்தக் கணக்கைப் படித்தவர்கள் மேகாலயாவுக்குக் குடையோடு போவார்கள். நாங்கள் போனது டிசம்பரில். குடைக்கு வேலையே இருக்கவில்லை. சிரபுஞ்சியில் தங்கிய வீட்டில், குளிக்க இன்னொரு வாளி தண்ணீர் கேட்கத்தான் கூச்சமாக இருந்தது.

மழைக்காலத்தில் போங்கள், அப்போதுதான் அந்த ஊர் ஊராக இருக்கும் என்று சொல்லாதவர் இல்லை. மழையைப் பார்க்க வேண்டுமென்றால் அது சரி. அவ்வளவு மழையும் பெய்து ஓய்ந்த பிறகு அந்த மலைக்கு என்ன மிச்சம் என்று பார்க்க வேண்டுமென்றால் பனிக்காலத்தில்தான் போக வேண்டும்.

சென்ற வாரம் காமாக்யா குன்றில் நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து கீழே இறங்கி, கௌஹாத்தியில் ஷேர் சுமோ பிடித்தால் ஷில்லாங் நூறு கிலோமீட்டர். ஜோராபட்டில் சாலை தெற்கே திரும்புகிறது. அங்கே கொஞ்ச தூரத்துக்குச் சாலைதான் எல்லை. ஒரு பக்கம் அஸ்ஸாம், மறுபக்கம் மேகாலயா. மதுக்கடைகள் எந்தப் பக்கம் வரிசை கட்டியிருக்கின்றன என்று பார்த்தாலே எந்த மாநிலத்தில் வரி குறைவு என்பது விளங்கிவிடும். நோங்போவில் வண்டி நின்றது. அன்னாசியை நீளவாக்கில் நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கொடுத்தார்கள். ஷில்லாங்குக்குப் பதினைந்து கிலோமீட்டர் முன்னால் உமியம் ஏரி வந்தது. பைன் மரங்களுக்கு நடுவே அது கிடக்கும் அழகைப் பார்த்தால் காலங்காலமாக இருப்பது போலத் தோன்றும். ஆனால் 1960களில் மின்சாரத்துக்காக அணை கட்டித் தேக்கிய நீர் அது.

இதே சாலையில்தான் 2015 ஜூலை 27 அன்று அப்துல் கலாம் ஷில்லாங் ஐ.ஐ.எம்முக்குப் போனார். வாழத்தகுந்த பூமியை உருவாக்குவது பற்றிப் பேச எழுந்தவர் மேடையிலேயே சரிந்தார். அந்தப் பயணத்தில் அவர் காருக்கு முன்னால் போன திறந்த ஜிப்ஸியில் துப்பாக்கியோடு ஒரு வீரர் நின்றுகொண்டே வந்தாராம். அவரை உட்காரச் சொல்லுங்கள் என்று கலாம் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்ததையும், போய்ச் சேர்ந்ததும் அந்த வீரரை அழைத்துக் கைகுலுக்கி நன்றி சொன்னதையும் உடன் பயணித்த சிருஜன் பால் சிங் எழுதியிருக்கிறார். ‘தமிழ்நாடு’ என்று சொன்னதும் எங்கள் ஓட்டுநர் முதலில் சொன்ன பெயர் கலாம்தான். அடுத்து ரஜினி.

ஷில்லாங் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆங்கிலேயர்கள் முதலில் முகாம் போட்டது சிரபுஞ்சியில். அந்த மழைக்குத் தாக்குப்பிடிக்க முடியாமல் 1864இல் இங்கே மாறினார்கள். 1874 முதல் இது அஸ்ஸாமின் தலைநகர். 1972இல் மேகாலயா தனி மாநிலமானபோது அதன் தலைநகர். 1897 ஜூன் 12 நிலநடுக்கத்தில் ஊரே தரைமட்டமானது. அதற்குப் பிறகு கல் கட்டடத்தை நம்பாமல், மரச்சட்டம் நிறுத்தி, நாணல் வேய்ந்து, மேலே சாந்து பூசி, தகரக் கூரை போட்டுக் கட்டினார்கள். அஸ்ஸாம் பாணி வீடு என்று இதற்குப் பெயர். இப்போது அவை ஒவ்வொன்றாக இடிபட்டு, அதே சரிவில் ஐந்து மாடிக் கான்கிரீட் எழும்பிக்கொண்டிருக்கிறது. பூகம்பம் கற்றுத் தந்த பாடத்துக்கு நூறு வயதுக்கு மேல் ஆயுள் இல்லை போலிருக்கிறது.

வார்ட்ஸ் ஏரி, கதீட்ரல், போலீஸ் பஜார் எல்லாவற்றையும் ஒரே மாலையில் பார்த்து முடித்தோம். எந்த மலை வாசஸ்தலத்திலும் பார்க்கக் கிடைப்பவைதான். அடுத்த நாள் காலை முழுக்க ஈவ்துஹ் சந்தைக்கு.

வெளியூர்க்காரர்கள் படா பஜார் என்கிறார்கள். மிலியம் ஹிமா என்ற பாரம்பரிய ஆட்சியமைப்பின் பொறுப்பில் இருக்கும் சந்தை. இங்குள்ள காஸி மக்களின் பழைய வாரக் கணக்கில் எட்டு நாள். எட்டு நாளுக்கும் எட்டுச் சந்தைகளின் பெயர். அவற்றில் ஒன்று இது. ஓர் ஆள் மட்டுமே நுழையக்கூடிய சந்துகள் மலைச்சரிவில் படிப்படியாக இறங்கிக்கொண்டே போகின்றன. கூம்புக் கூடையை முதுகில் சாய்த்து, அதன் பட்டையை நெற்றியில் மாட்டிய சுமைக்காரர்கள் விசிலடித்தபடி வருவார்கள். விசில் கேட்டதும் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அவர்கள் நிற்பதாக இல்லை.

கடைகளில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். நாம் ‘அக்கா’ என்று கூப்பிடுவதைப் போல அவர்களை ‘கொங்’ என்று கூப்பிட வேண்டும். காஸி வீட்டில் பிள்ளைகளுக்குத் தாயின் குலப்பெயர்தான். பூர்வீக வீடு கடைசி மகளுக்கு. பெற்றோரை வைத்துப் பார்க்கும் பொறுப்பும் அவளுக்கே. சொத்துதான் செய்தியாக வெளியே வருகிறது, பொறுப்பு வருவதில்லை. நாங்கள் சாப்பிட உட்கார்ந்த கடையின் கொங்கும் ஒரு கடைசி மகள். அம்மாவுக்கு மருந்து கொடுக்கும் நேரம் என்று சொல்லி, அடுப்பை எங்களை நம்பி விட்டுவிட்டுப் போய்வந்தார். அவர் வார்த்துத் தந்த ‘புத்தாரோ’, ஆப்பமும் இட்லியும் சேர்ந்து பெற்ற பிள்ளை மாதிரி இருந்தது. பன்றிக்கறியோடு வேகவைத்த ‘ஜாதோ’ சோறும், கருவாட்டுத் துவையலும் கூட.

சாப்பிட்டதும் க்வாய் நீட்டினார். பாக்கு, வெற்றிலை, சுண்ணாம்பு. நம் தாம்பூலம்தானே என்று வாங்கி வாயில் போட்டோம். இந்தப் பாக்கு உலர்ந்ததல்ல. ஊறவைத்துப் பதமாக்கிய ஈரப் பாக்கு. அரை நிமிடத்தில் காது மடல் சூடாகி, நெற்றி வியர்த்தது. கும்பகோணத்தில் பிறந்து நாற்பது வருடமாக வெற்றிலை போடும் என் நண்பர், தூணைப் பிடித்துக்கொண்டு, “இது வேற ஜாதிங்க” என்றார். கொங்குக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. முன்பெல்லாம் வழி கேட்டால், போய்ச் சேர எத்தனை க்வாய் மெல்ல வேண்டும் என்று தூரம் சொல்வார்களாம். இறந்தவர்களைக் கடவுள் வீட்டில் க்வாய் தின்னப் போய்விட்டார் என்பார்கள்.

மதியத்துக்கு மேல் ஊருக்கே ஒரு பரபரப்பு வரும். காரணம் ‘தீர்’ பந்தயம். மைதானத்தில் வில்லாளிகள் கூடி ஓர் இலக்கை நோக்கி அம்பு மழை பொழிகிறார்கள். தைத்த அம்புகளை எண்ணி, அந்த எண்ணிக்கையின் கடைசி இரண்டு இலக்கங்களுக்குப் பரிசு. தெருவுக்குத் தெரு சிறு மரக்கூண்டுக் கடைகளில் சீட்டு எழுதுகிறார்கள். சட்டப்படியான பந்தயம், அரசுக்கு வரி போகிறது. எந்த எண்ணில் கட்டுவது என்பதைக் கனவு சொல்லுமாம். என்ன கனவு வந்தால் எந்த எண் என்பதற்குப் பரம்பரைக் கணக்கே இருக்கிறது. நண்பருக்கு முந்தின இரவு குளிரில் கனவே வரவில்லை என்பதால் நாங்கள் கட்டவில்லை.

மூன்றாம் நாள் சிரபுஞ்சி. இப்போது அதிகாரபூர்வமாகவே பழைய பெயரான சோராவுக்குத் திரும்பிவிட்டது. ஷில்லாங்கிலிருந்து ஐம்பத்து நான்கு கிலோமீட்டர். மௌக்டோக் பாலம் தாண்டியதும் மலையின் தோற்றம் மாறுகிறது. பைன் மரங்கள் விலகி, வெயிலில் பழுத்த புல்லும், இடையிடையே வெள்ளையாகப் பாறையும்தான் கண்ணுக்கு எட்டிய வரை.

வங்கக் கடலிலிருந்து வரும் பருவக்காற்றுக்கு வங்கதேசச் சமவெளி முழுக்கத் தடுக்க எதுவும் கிடையாது. திடீரென்று எதிரே ஆயிரம் மீட்டருக்கு மேல் சுவராக எழுந்து நிற்கிறது இந்த மலை விளிம்பு. பள்ளத்தாக்குகள் புனல் போலக் காற்றை ஒடுக்கி மேலே தள்ளுகின்றன. ஈரம் முழுவதையும் அங்கேயே இறக்கிவிட்டுத்தான் காற்று மேலே போக முடியும். 1860 ஆகஸ்ட் முதல் 1861 ஜூலை வரை சோராவில் 26,461 மில்லிமீட்டர். ஓராண்டு மழைக்கான உலகச் சாதனை இன்றும் அதுதான். ஆண்டுச் சராசரியில் பக்கத்து மௌசின்ராம் சுமார் 11,870 மில்லிமீட்டருடன் முந்தி நிற்கிறது. விளிம்புக்குப் பின்னால் மறைந்திருக்கும் ஷில்லாங்குக்குக் கிடைப்பது அதில் ஐந்தில் ஒரு பங்குதான்.

இவ்வளவு மழையும் போகிற இடம் அதே வங்கதேசம். மேல்மண்ணைப் பல காலமாக மழையே அரித்துக்கொண்டு போய்விட்டது. காடு வெட்டியதும், நிலக்கரிக்கும் சுண்ணாம்புக்கல்லுக்கும் தோண்டியதும் மிச்சத்தைக் கவனித்துக்கொண்டன. அடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை. விழும் நீர் வெடிப்புகளில் புகுந்து, குகைகளில் ஓடி, எங்கோ கீழே வெளியேறிவிடும். நவம்பரில் ஊற்றுகள் மெலியத் தொடங்குகின்றன. நாங்கள் தங்கிய வீட்டின் பின்னால் ஒரு பாறைக் கசிவு. பிளந்த மூங்கிலைச் செருகி நீரை இழுத்துவிட்டிருந்தார்கள். விரல் கனத்தில்தான் ஒழுகிற்று. காலை ஐந்தரை மணிக்கே பதினோரு பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் இருந்தன. மார்ச் வரை இப்படித்தான், பிறகு லாரி என்றார் வீட்டுக்கார அம்மாள். கூரைத் தண்ணீரைப் பிடித்து வைக்கலாமே என்று நண்பர் கேட்டார். அந்த அம்மாள் மூலையிலிருந்த சிமென்ட் தொட்டியைக் காட்டினார். ஜனவரிக்குள் காலியாகிவிடுமாம். “ஆறு மாச மழையை வெச்சுக்க எவ்வளவு பெரிய தொட்டி வேணும், நீங்களே சொல்லுங்க” என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

340 மீட்டர் உயரத்திலிருந்து விழும் நோகலிகாய் அருவி, அந்த மாதத்தில் பாறை மேல் கிழித்த சுண்ணாம்புக் கோடு. அருவியின் கதை கொடூரமானது. லிகாய் என்ற பெண் வேலைக்குப் போயிருந்தபோது இரண்டாம் கணவன் அவள் குழந்தையைக் கொன்று சமைத்துவிடுகிறான். சாப்பிட்டு முடித்து க்வாய் போடப் பாக்குக் கூடையைத் திறந்தவள் பிஞ்சு விரல்களைக் காண்கிறாள். ஓடிப்போய்க் குதித்த இடம் இது. பார்வையாளர் மேடையில் இதைப் பலகையில் எழுதி வைத்து, பக்கத்திலேயே மோமோ விற்கிறார்கள்.

சோராவுக்கு அருகில் மௌம்லூ குகை. நுழையும்போதே முழங்கால் அளவு தண்ணீர், பிறகு இடுப்பு வரை. ஊரில் இல்லாத தண்ணீர் எல்லாம் இங்கேதான் இருக்கிறதோ என்று தோன்றியது. குகைத் தரையிலிருந்து முளைத்தெழும் சுண்ணாம்புத் தூண்கள், மேலிருந்து சொட்டும் நீரால் படலம் படலமாக வளர்பவை. ஒவ்வொரு படலத்திலும் உள்ள ஆக்ஸிஜன் வகைகளின் விகிதத்தைப் பார்த்து, அந்தக் காலத்தில் பருவமழை எப்படி இருந்தது என்று கணிக்கிறார்கள். இந்தக் குகையில் எடுத்த ஒரு தூணில், சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் பருவமழை பலவீனமடைந்து நெடிய வறட்சி வந்ததற்கான அடையாளம் கிடைத்தது. அந்தப் புள்ளியிலிருந்து இன்று வரையுள்ள காலத்துக்கு ‘மேகாலயன்’ என்று 2018இல் உலகப் புவியியலாளர்கள் பெயர் வைத்துவிட்டார்கள். ஆக, நீங்களும் நானும் வாழும் புவியியல் காலத்துக்குப் பெயர் தந்தது சிரபுஞ்சியின் மழை என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே பதிவான வறட்சிதான் தந்தது.

அடுத்த நாள் வேர்ப்பாலம். டிர்னா கிராமத்திலிருந்து நோங்ரியாட் வரை மூவாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்குவது முழங்காலுக்கு, ஏறுவது மூச்சுக்கு. ரப்பர் அத்தி மரத்தின் தொங்கு வேர்களை, உள்ளே குடைந்த பாக்கு மரத்தண்டுகளுக்குள் விட்டு ஓடையின் மறுகரைக்கு இழுத்துச் செல்கிறார்கள். மறுகரையில் வேர் ஊன்றி, பருத்து, ஆள் நடக்கும் பாலமாகப் பதினைந்து, இருபது வருடம் ஆகும். நட்டவர் நடக்காமலே போகலாம். இந்த மழையில் மரப்பலகை மக்கிவிடும், இரும்பு துருப்பிடித்துவிடும். உயிருள்ள வேர் மட்டும்தான் ஆண்டுக்கு ஆண்டு வலுக்கும். நோங்ரியாட்டில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பாலங்கள். நாங்கள் போனபோது கீழ்ப்பாலத்தில் செல்ஃபி வரிசை நின்றது. உள்ளூர்ப் பாட்டி ஒருவர் தலைச்சுமையோடு மேல்பாலத்தில் விறுவிறுவென்று கடந்து போய்விட்டார்.

கடைசியாக மௌஃப்லாங். ஷில்லாங்கிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர். வெட்டவெளிப் புல்மேட்டில் கத்தரித்து வைத்தது போல எழுபத்தேழு ஹெக்டேரில் ஒரு காடு. நம் ஐயனார் கோயில் காடுகளைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஓர் இலையைக்கூட வெளியே எடுத்துப் போகக்கூடாது. காவல் தெய்வம் லபாசா சிறுத்தையாக வந்தால் நல்லது, பாம்பாக வந்தால் கேடு. உள்ளே காலடி வைத்ததும் குளிர் கூடியது. தரையில் கணுக்கால் புதையும் இலைமக்கு. எங்கள் வழிகாட்டி, கல்லூரியில் படிக்கும் பையன், குனிந்து ஒரு பிடி மக்கை அள்ளிப் பிழிந்தான். மழை நின்று இரண்டு மாதம் ஆகியும் தண்ணீர் சொட்டியது. அதை அதே இடத்தில் போட்டு, கையைத் தட்டிக்கொண்டான்.

எங்களோடு கொல்கத்தாவிலிருந்து வந்த ஒரு குடும்பம். வெளியே வரும் வழியில் அவர்கள் மகளின் ஸ்வெட்டர் பையைப் பையன் சந்தேகமாகப் பார்த்தான். முகத்தைச் சுளித்துக்கொண்டு நான்கு காய்களை எடுத்துக் கொடுத்தாள். பிறகு, தன் ஷூவைக் காட்டி, இதில் ஒட்டிய மண்ணை என்ன செய்ய என்று கேட்டாள். பையன் கொஞ்சம் யோசித்து, “நீ எடுக்கலையே, அதுவா வருது” என்று தீர்ப்பு சொன்னான்.

கிளம்பும்முன் அவன் பள்ளத்தில் ஓடும் உமியூ ஆற்றைக் காட்டினான். அதில் கட்டிய மௌஃப்லாங் அணையிலிருந்துதான் ஷில்லாங்குக்குக் குடிநீர். அந்த ஆற்றின் நீர்ப்பிடிப்பில் பத்து ஹிமாக்கள் கூடி, தீ வைப்பதையும் மரம் வெட்டுவதையும் கட்டுப்படுத்தி, கருகிய சரிவுகளில் காட்டை மீட்டு வருகிறார்கள். இந்தப் பக்கத்துத் தண்ணீரைக் குடிக்கும் நகரமோ, தன் சாக்கடையையும் குப்பையையும் உம்க்ரா, உம்ஷிர்பி என்ற இரண்டு ஆறுகளில் தள்ளிவிடுகிறது. இரண்டும் போய்ச் சேருவது, வரும் வழியில் நாங்கள் இறங்கிப் படம் எடுத்த உமியம் ஏரியில். “ஷில்லாங்ல உங்க சொந்தக்காரங்க இருக்காங்களா?” என்று பையனைக் கேட்டேன். “அக்கா இருக்காங்க. லைதும்க்ராவுல. ரெண்டு நாளைக்கு ஒருதடவைதான் தண்ணி வருதுன்னு எங்ககிட்ட சண்டை போடுவாங்க” என்றான்.

அங்கிருந்து டாவ்கிக்கு. வங்கதேச எல்லையில், படகு காற்றில் மிதப்பது போலப் படங்களில் பார்த்திருப்பீர்களே, அந்த உம்ங்கோட் ஆறு அடுத்த வாரம்.

(தொடரும்)