மெய்நிகர் இயந்திரமும் மெய்யான இழப்பும்

மென்பொருளின் புதிய பதிப்பை நிறுவிய மறுநாள், கணினிக்குள் இயங்கிவந்த மற்றொரு கணினியைக் காணவில்லை என்னும் முறையீடு பள்ளிகளிலும் ஆய்வு மையங்களிலும் எழுவதுண்டு. கணினிக்குள் கணினியாக இயங்கும் இதனையே மெய்நிகர் இயந்திரம் என்கிறோம். இது தொழில்நுட்பர்களுக்கு மட்டுமே உரிய சிக்கல் என்று தமிழ் கற்பிப்போர் ஒதுக்கிவிட இயலாது. பழைய பாடக்குறிப்புகளும் சொல்லடைவுகளும் நேர்காணல் பதிவுகளின் எழுத்து வடிவங்களும் இத்தகைய இயந்திரங்களுக்குள் தங்கியிருக்கக் கூடும். அவை மறைந்தால் மீண்டும் தட்டச்சிட மூலத்தாள் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. இவ்விழப்பு எவ்வாறு நேர்கிறது என்பதையும், அதில் சொற்களுக்கு உள்ள பங்கினையும் இங்கே விளக்க முயல்வோம்.

தமிழ் உரைகள் அங்கே சென்ற காரணம்

மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு மென்பொருள் 1980களின் நடுப்பகுதியிலேயே தமிழைத் திரையில் கொண்டுவந்தது. அடுத்த பத்தாண்டில் எழுத்துருக்கள் பெருகின. ஆனால் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு குறியீட்டு முறையைக் கொண்டிருந்தது. ஓர் எழுத்துருவில் ‘அ’வைக் குறித்த எண் மற்றொன்றில் வேறோர் எழுத்தைக் குறித்தது. இச்சிக்கலைத் தீர்க்கும் முயற்சியில் 1997இல் சிங்கப்பூரில் நடந்த தமிழ்நெட் 97 மாநாட்டுக்கு முன்னோடி இடம் உண்டு. 1999இல் சென்னை மாநாட்டின் வழியே டாம், டாப் என்னும் குறியீடுகள் வந்தன. இணையவழித் தமிழன்பர்கள் திஸ்கியை வகுத்தனர். 1991இல் வெளிவந்த யூனிகோடின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தாலும், அது அன்றாட வழக்குக்கு வரக் காலம் பிடித்தது.

இடைப்பட்ட காலத்து உரைகள் பலவற்றை அவற்றை உருவாக்கிய மென்பொருளே சரியாகத் திறக்கும். அம்மென்பொருள்களுள் 16 பிட் முறையில் அமைந்தவை 64 பிட் விண்டோசில் நேரடியாக இயங்கா. விண்டோஸ் 11க்கோ 32 பிட் பதிப்பே இல்லை. ஆகவே, புதிய கணினிக்குள் ஒரு மெய்நிகர் இயந்திரத்தை அமைத்து, அதில் விண்டோஸ் எக்ஸ்பி போன்ற பழைய இயங்குதளத்தை நிறுவி, பழைய மென்பொருளை உயிரோடு வைத்திருப்பது நடைமுறையாயிற்று. முறை நல்லதே. இடர் வேறிடத்தில் உள்ளது.

‘இயந்திரம்’ என்னும் சொல்

1972இல் ஐ.பி.எம். நிறுவனம் அறிவித்த வி.எம்./370, ஒரு பெருங்கணினியைப் பலர் தத்தமக்குரிய தனிக்கணினிபோல் பயன்படுத்த வழிசெய்தது. 1999இல் விஎம்வேர் அவ்வசதியை மேசைக்கணினிக்குக் கொண்டுவந்தது. பின்னர் வர்ச்சுவல்பாக்ஸ் வந்தது. இவற்றுள் நாம் ‘இயந்திரம்’ என்று அழைப்பது உண்மையில் சில கோப்புகளின் தொகுதியே. அதன் வன்தட்டு என்பது வி.டி.ஐ., வி.எம்.டி.கே., வி.எச்.டி.எக்ஸ். என்னும் பின்னொட்டுகளுள் ஒன்றைக் கொண்ட பெரிய கோப்பு. அதன் நினைவகமும் வேகமும் எவ்வளவு என்பதைச் சிறிய அமைவுக்கோப்பு ஒன்று சொல்கிறது. மென்பொருளின் திரையில் தெரியும் பெயர்ப்பட்டியல், நூலகத்தின் நூற்பட்டியல் போன்றது, அது நூலன்று.

இவ்வேறுபாட்டை அறிந்தவர் இருவகை நிலைமைகளைப் பிரித்தறிவார். மேம்படுத்தியபின் பெயர் மறைந்து கோப்பு எஞ்சியிருந்தால் இழப்பு இல்லை. கோப்பை மீண்டும் சேர்த்தால் போதும். கோப்பே அழிந்து பெயர் மட்டும் எஞ்சியிருந்தால் அதுவே இழப்பு. 2018 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 10 மேம்பாடு இரண்டாம் வகைக்கு வழிவகுக்கக் கூடியதாயிருந்தது. ஆவணங்கள் போன்ற அடைவுகளை வேறிடத்துக்கு மாற்றிவிட்டுப் பழைய இடத்திலும் கோப்புகளை விட்டுவைத்திருந்த சிலருக்கு, அம்மேம்பாடு பழைய அடைவைத் தேவையற்ற இரட்டை எனக் கொண்டு உள்ளடக்கத்தோடு நீக்கியது. மைக்ரோசாஃப்ட் சில நாள்களில் வெளியீட்டை நிறுத்தி, நவம்பரில் திருத்தி வெளியிட்டது. விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன் தன் இயந்திரங்களை வழக்கமாக வைப்பது இந்த ஆவணங்கள் அடைவினுள்ளேதான் என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

நீக்கம் என்னும் சொல்லிலும் இரு பொருள்கள் ஒளிந்துள்ளன. வர்ச்சுவல்பாக்சில் ஓர் இயந்திரத்தை நீக்க முனைந்தால், பட்டியலிலிருந்து மட்டும் நீக்கவா, எல்லாக் கோப்புகளையும் அழிக்கவா என்று அது கேட்கும். விண்டோசுக்குள் லினக்சை இயக்கும் டபிள்யூ.எஸ்.எல். அமைப்பிலோ, ‘பதிவுநீக்கு’ என்று பொருள்படும் அன்ரெஜிஸ்டர் கட்டளை தரவு முழுவதையும் மீட்க இயலாதவாறு அழித்துவிடும். பதிவை நீக்கிப் புதிதாகப் பதிந்துகொள்ளலாம் என்று சொல்லை நம்பிச் செயல்படுபவர் எல்லாவற்றையும் இழப்பார்.

‘ஸ்னாப்ஷாட்’ என்னும் சொல்

புகைப்படம் எடுக்கப்பட்டவர் மறைந்தபின்னும் படம் நிற்கும். ஸ்னாப்ஷாட் அவ்வாறன்று. அதை எடுக்கும் கணத்தில் மூல வன்தட்டுக் கோப்பு அப்படியே உறைகிறது. அதன்பின் நிகழும் மாற்றங்கள் மட்டும் தனிக்கோப்பு ஒன்றில் எழுதப்படுகின்றன. மறுமுறை எடுத்தால் மூன்றாவது கோப்பு பிறக்கிறது. இவை சங்கிலிபோல் ஒன்றையொன்று சார்ந்தவை. நடுவில் ஒரு கண்ணி அழிந்தாலும், பின்வருவன பொருளற்றுப்போகும். அடிக்கோப்பைத் தனியே எடுத்து இயக்கி அதில் மாற்றம் நேர்ந்தாலும் சங்கிலி முறியும். ஆகவே ஸ்னாப்ஷாட்டைக் காப்புநகலாகக் கொள்ளலாகாது என்றும், ஒன்றை 72 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கலாகாது என்றும் விஎம்வேர் நிறுவனமே அறிவுறுத்துகிறது.

மற்றோர் இடரும் உண்டு. மேம்படுத்தல் பழுதானால் பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்புவோம். அப்போது பழுது மட்டுமன்றி, அதற்குப்பின் நாம் உள்ளிட்ட உரைகளும் மறையும். மார்ச்சில் எடுத்த நிலைக்கு ஜூனில் திரும்பினால், இடையில் தட்டச்சிட்ட பாடங்கள் இரா. இதனை ‘மீள்புள்ளி’ என்று தமிழில் வழங்கலாம் என்பது நம் கருத்து. திரும்பிச் செல்லும் இடம் என்னும் பொருளை அச்சொல் தரும். தனித்து நிற்கும் நகல் என்னும் மயக்கத்தைத் தாராது. கலைச்சொல்லாக்கத்தில் ஒலியழகைவிட இத்தகைய பொருள்தெளிவையே முதலில் நோக்க வேண்டும்.

செய்யத்தக்கவை

மேம்படுத்துவதற்கு முன் மெய்நிகர் இயந்திரத்தை இடைநிறுத்தாமல் முறையாக மூடிவிட வேண்டும். இடைநிறுத்திச் சேமித்த நிலையைப் புதிய பதிப்பு சில வேளைகளில் ஏற்காது. அந்நிலையைக் கைவிட நேர்ந்தால், சேமிக்கப்படாத எழுத்துகள் போய்விடும். அடுத்து, இயந்திரம் உள்ள அடைவு முழுவதையும் வெளித்தட்டு ஒன்றில் படியெடுத்து, அப்படி வேறொரு கணினியில் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். திறந்து பார்க்கப்படாத நகலை நகலென்று நம்புதல் தகாது.

இழப்பு நேர்ந்துவிட்டதாகத் தோன்றினால், அக்கணினியில் புதிதாக எதையும் எழுதாமல் நிறுத்த வேண்டும். அழிந்த கோப்பின் இடத்தைப் புதிய கோப்பு ஆட்கொண்டால் மீட்பு இயலாதாகும். பின் மேற்சொன்ன பின்னொட்டுகளைக் கொண்டு தட்டு முழுவதும் தேட வேண்டும். விண்டோஸையே மேம்படுத்தியிருந்தால், விண்டோஸ்.ஓல்டு என்னும் அடைவிலும் உடனே தேடுக. அது வழக்கமாகப் 10 நாள்களில் தானே நீங்கிவிடும்.

இவையனைத்தும் இயந்திரத்தைக் காக்கும் வழிகள். நாம் காக்க வேண்டுவதோ உரை. பழைய குறியீட்டில் உள்ளவற்றை யூனிகோடுக்கு மாற்றி, எளிய உரைக்கோப்பாக இயந்திரத்துக்கு வெளியே வைப்பதே நிலையான தீர்வு. மாற்றும்போது சில எழுத்துகள் பிறழக்கூடும். கொம்பும் காலும் இடம்மாறி நிற்கும். அவற்றைக் கண்டறிந்து திருத்தத் தமிழறிவு வேண்டும். அப்பணியைத் தொழில்நுட்பரிடம் மட்டும் விடலாகாது. ஆசிரியர் மேற்பார்க்க, மாணவர் மூலத்தையும் மாற்றியதையும் ஒப்பிட்டுத் திருத்தலாம். ஏடுகளைப் படியெடுத்தோர் செய்ததும் இத்தகைய பணியே. எழுத்திலக்கணம் கற்பிக்க இதனினும் நல்ல பயிற்சி அரிது.

அடுத்த பதிப்பை நிறுவுமாறு கணினி கேட்கும் நாள் விரைவில் வரும். அதற்கு முன் நம் பள்ளியிலும் துறையிலும் எந்த இயந்திரத்துக்குள் எந்த உரை இருக்கிறது என்று ஒரு பட்டியல் எழுதிவைப்போம். அதில் வெளிநகல் இல்லாத உரை எதுவோ, அதனை முதலில் வெளியே எடுப்போம்.