இறையிலிப் பட்டியலில் சேரி



இந்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவுக்குப் பொருள் தேடியபோது எங்கள் அமைப்புக்குள்ளேயே ஒரு வாக்குவாதம் எழுந்தது. உலகின் பழம்பேரரசுகளைப் பற்றிப் பேசுவோம் என்றனர் ஒரு சாரார். சுமேரும் எகிப்தும் பாடப்புத்தகத்தில் கிடக்கட்டும், நம்மூரைப் பேசுங்கள் என்றனர் மற்றவர்கள். இரண்டையும் சேர்த்தே பேசலாம் என்று முடிவுக்கு வந்தோம். பழம்பேரரசு எதுவானாலும் அது தானியத்தின் மேல்தான் நின்றது. தானியத்தை அளந்தவன் கணக்கு எழுதினான். அந்தக் கணக்கில் யார் பெயர் ஏறியது, யார் பெயர் ஏறவில்லை என்பதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

நாம் கூடியிருக்கும் இந்த மன்னார்குடிக்குச் சோழர் காலத்தில் இராசாதிராசச் சதுர்வேதிமங்கலம் என்று பெயர். ராஜகோபாலசாமி கோயிலை எழுப்பியவன் முதலாம் குலோத்துங்கன். பெரிதாக விரித்தவர்கள் தஞ்சை நாயக்கர்கள். இந்த இரண்டு செய்தியும் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கோயில் வாசலில் பலகையும் இருக்கிறது. அந்தப் பெயரைச் சற்று நின்று படியுங்கள். சதுர்வேதிமங்கலம் என்றால் நான்கு வேதம் ஓதியவர்களுக்கு அரசன் கொடுத்த ஊர். கொடுக்கும்போது அந்த ஊரில் ஏற்கெனவே உழுதுகொண்டிருந்தவர்கள் என்ன ஆனார்கள்? பெயரில் அதற்குப் பதில் இல்லை. கல்வெட்டில் ஓரளவு இருக்கிறது.

அதைத் தேடித்தான் நம் மாணவர்கள் சிலரோடு தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனோம். பெரும்பாலோர் விமானத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். நாங்கள் குனிந்து அடிப்பீடத்தைப் படித்தோம். விமானத்தின் அடிப்பகுதி முழுக்க எழுத்து. இராசராசன் அந்தக் கோயிலுக்கு எழுதிவைத்த ஊர்கள் வரிசையாக வருகின்றன. ஒவ்வோர் ஊருக்கும் ஒரே முறைதான்: ஊரின் மொத்த நிலம் இவ்வளவு, அதில் வரி இல்லாத நிலம் இவ்வளவு, அதைக் கழித்தால் வரி கட்டும் நிலம் இவ்வளவு, அதற்கு நெல் இத்தனை கலம். கழிக்கும் இடத்தில்தான் நாம் வருகிறோம். ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடே ஓடும் வாய்க்கால்கள், பறைச்சேரி, கம்மாணச்சேரி, சுடுகாடு. சில ஊர்களில் ஈழச்சேரி, வண்ணாரச்சேரி. ஓரிடத்தில் தீண்டாச்சேரி. சில இடங்களில் உழப்பறையர் இருக்கும் சேரி என்றே வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். சுடுகாடும் ஒன்றில்லை; வெள்ளாளருக்கு ஒன்று, பறையருக்கு ஒன்று என்று தனித்தனியாகக் குறித்த ஊர்கள் உண்டு. கூட வந்த மாணவி ஒருத்தி, “ஆயிரம் வருசத்துக்கு முன்னாடியே ரெண்டு சுடுகாடா?” என்று கேட்டாள். பதில் சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை.

இந்தப் பட்டியலை வைத்து ஒரு கதை நெடுங்காலமாக ஓடிக்கொண்டிருக்கிறது. பறைச்சேரிக்கே வரிவிலக்குக் கொடுத்த கருணை மிக்க மன்னன் இராசராசன் என்பார்கள். மேடையில் கைதட்டலும் விழும். ஆனால் பட்டியலில் உள்ள மற்றவற்றையும் பாருங்கள். வாய்க்காலுக்கு மன்னன் என்ன கருணை காட்டினான்? சுடுகாட்டின் மேல் என்ன இரக்கம்? நெல் விளையாத நிலத்துக்கு நெல்வரி கேட்க முடியாது, அதனால் கழித்தார்கள். அவ்வளவுதான். ஊர்நத்தமும் அதே பட்டியலில்தான் இருக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அங்கே குடியிருந்த நிலவுடைமையாளரின் வீட்டு மனைக்கும் வரி இல்லை. வேறுபாடு எங்கே என்றால், அந்த நத்தத்துக்குள் சேரி அடங்கவில்லை. குடியிருப்பு என்று ஒரே வரியில் எழுதி முடித்திருக்கலாம். எழுதவில்லை. ஊர் வேறு, சேரி வேறு என்பது கணக்கெழுதியவனுக்குச் சொல்லித்தர வேண்டியதாயில்லாத செய்தியாக இருந்திருக்கிறது. தீண்டாச்சேரி என்ற சொல்லின் பொருள் பற்றியும், இன்று நாம் அறிந்த தீண்டாமை அன்றே அதே வடிவில் இருந்ததா என்பது பற்றியும் ஆய்வாளர்கள் விவாதிக்கட்டும். பிரிவினை கல்லில் இருக்கிறது.

சேரி என்ற சொல்லையும் கவனியுங்கள். முதலில் அது இழிசொல் இல்லை. சேர்ந்து வாழும் இடம், அவ்வளவே. உத்திரமேரூர்க் கல்வெட்டில் பிராமண சபை உறுப்பினர்கள் வாழ்ந்த பகுதிகளே பன்னிரண்டு சேரிகள் என்றுதான் வருகின்றன. பெரிய கோயிலில் ஆடவந்த பெண்கள் குடியிருந்த தெருக்கள் தளிச்சேரி. பிறகு மற்றவர்கள் தெரு, வீதி, அக்கிரகாரம் என்று வேறு பெயர்களுக்குப் போய்விட்டார்கள். சொல் நம்மிடம் மட்டும் தங்கிவிட்டது.

அளவுக்கு வருவோம். ஒரு வேலி நிலம் இன்றைய கணக்கில் ஏறத்தாழ ஆறரை ஏக்கர். அதில் இருபதில் ஒரு பங்கு மா, எண்பதில் ஒரு பங்கு காணி, முந்நூற்று இருபதில் ஒரு பங்கு முந்திரிகை. அதற்கும் கீழே கீழ்முந்திரிகை வரை இறங்கி அளந்திருக்கிறார்கள். வரியோ வேலிக்குச் சுமார் 100 கலம் நெல். அளக்கும் மரக்காலுக்கு இறைவன் பெயரையே சூட்டி ஆடவல்லான் என்றார்கள். உள்ளங்கை அகல நிலத்தைக்கூட விடாமல் அளந்த அரசுக்குச் சேரியில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பது எழுதத் தக்க செய்தியாகத் தெரியவில்லை.

பெயர் எழுதும் வழக்கமே அவர்களிடம் இல்லை என்று சொல்லவும் முடியாது. அதே கோயிலில் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்கள் இருக்கின்றன. எந்தக் கோயிலிலிருந்து வந்தவள், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பது உட்பட எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொருத்திக்கும் ஆண்டுக்கு 100 கலம் நெல் பங்கு, அதாவது ஒரு வேலியின் முழு வரி. நானூறு பேருக்கு 40,000 கலம். அந்தப் பெண்களின் வாழ்வு சுகமானது என்று நாம் சொல்லவரவில்லை. சொந்த ஊரிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவர்கள் அவர்கள். ஆனாலும் பெயர் இருக்கிறது. இராசேந்திரனின் கரந்தைச் செப்பேட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிராமணர்களின் பெயர்கள் ஊர், கோத்திரத்தோடு வருகின்றன. அந்த 40,000 கலத்துக்கும் நாற்று நட்டவர்கள், அறுத்தவர்கள், களத்தில் அடித்தவர்கள் பெயர் எங்கும் இல்லை. அவர்கள் இருந்த இடம் மட்டும், கழிக்க வேண்டிய பரப்பாக, வேலியிலும் மாவிலும் இருக்கிறது.

இதோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் சுமேருக்குப் போகிறோம். இன்றைய ஈராக்கின் தெற்கே, கி.மு. 2100 வாக்கில் ஊர் என்ற நகரிலிருந்து ஆண்ட அரசர்களின் காலத்துக் களிமண் பலகைகள் ஆயிரக்கணக்கில் கிடைத்துள்ளன. (நம் ‘ஊர்’ அல்ல, அந்த நகரத்தின் பெயரே அப்படித்தான். ஒலி ஒற்றுமையை வைத்து யாரும் புத்தகம் எழுதிவிட வேண்டாம்.) அவற்றில் பெரும்பாலானவை கணக்குகள். அரசும் கோயிலும் வேலைக்கு வைத்திருந்தவர்களுக்குக் கொடுத்த வாற்கோதுமைப் படி. வழக்கமாக ஆணுக்கு மாதம் 60 சிலா, பெண்ணுக்கு 30. ஒரு சிலா ஏறக்குறைய ஒரு லிட்டர். நெசவுக்கூடத்துப் பெண்களின் பெயர்களும், அவர்களோடிருந்த பிள்ளைகளின் பெயர்களும்கூட அவற்றில் உண்டு. எகிப்தில் மூன்றாம் ராமேசஸ் ஆட்சியின் 29ஆம் ஆண்டில், கி.மு. 1157 வாக்கில், அரச கல்லறைகளைக் குடைந்த தொழிலாளர்கள் கூலித் தானியம் வராமல் வேலையை நிறுத்தினார்கள். கோயில்களின் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்கள். பசியால் வந்தோம் என்று அவர்கள் சொன்னதை ஓர் எழுத்தன் பாப்பிரசில் குறித்துவைத்தான். அது இன்று இத்தாலியின் தூரின் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்த அரசுகள் நல்லவை, நம் அரசு கெட்டது என்பது இதன் பொருள் அல்ல. மூன்றுமே அடக்கிப் பிழிந்தவைதான். வேலைமுறை வேறு. அங்கே தொழிலாளிக்குப் படியளந்தது அரசும் கோயிலும். யாருக்கு எவ்வளவு என்று எழுதாமல் நடக்காது. சோழநாட்டில் அரசுக்கும் உழுதவனுக்கும் நடுவில் ஊரவை, பிராமணர் சபை, நாட்டார் என்று நிலமுடையோர் அமைப்புகள் நின்றன. அரசு கேட்டது ஊரிடம். ஊர் அளந்துகொடுத்தது. உழுதவனிடம் எப்படி வேலை வாங்கினாய், அவனுக்கு எவ்வளவு கொடுத்தாய் என்று அரசு கேட்கவில்லை. அது நிலக்காரன் வீட்டு விவகாரம். பேரரசுகள் பல மாறின. சோழன் போய்ப் பாண்டியன், நாயக்கன், மராட்டியன், வெள்ளைக்காரன் என்று தஞ்சைக்கு வந்துகொண்டே இருந்தார்கள். சேரிக்கு மட்டும் ஆட்சி மாறியது தெரியவில்லை. இந்த நடு அடுக்கு அப்படியே இருந்ததை அதற்கு முக்கியமான காரணமாக நாங்கள் நினைக்கிறோம்.

இனிச் சொல்வது நம் தோழர்கள் சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். சாதி ஏற்ற சமயத்துக்கு எதிராகப் பௌத்தத்தை நாம் முன்வைக்கிறோம். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய இதழில் வாரந்தோறும் எழுதியது அதைத்தான்: தாழ்த்தப்பட்டவர்கள் பூர்வ பௌத்தர்கள். அம்பேத்கரும் 1948இல் தீண்டப்படாதார் பற்றிய நூலில், பௌத்தத்தைக் கைவிடாததால் ஒதுக்கப்பட்டவர்கள் என்ற கருத்தை வேறு வழியில் வந்து சொன்னார். டெல்டாவில் இதற்குத் தடயமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. புத்தமங்கலம் என்று ஊர்ப்பெயரே இருக்கிறது. வயலிலும் குளக்கரையிலும் புத்தர் சிலைகள் கிடைத்தபடி இருக்கின்றன. மயிலாடுதுறை அருகே பெருஞ்சேரியில் மக்கள் அவரை ரிஷி என்று கும்பிடுகிறார்கள். நாகப்பட்டினத்தில் 1856 முதல் கிடைத்த பௌத்தச் செப்புத் திருமேனிகள் மட்டும் சுமார் 350. அங்கே நின்ற பழைய செங்கல் கோபுரத்தை, கல்லூரி கட்ட வேண்டும் என்று 1867இல் இடித்தார்கள்.

ஆனால் அந்த நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரையின் கணக்கையும் நாம் படிக்கத்தான் வேண்டும். ஸ்ரீவிஜய அரசன் தன் தந்தையின் பெயரால் கட்டிய விகாரை அது. இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், 1006 வாக்கில், ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை அதற்குக் கொடுத்தான். ஆணை செப்பேட்டில் ஏறியது இராசேந்திரன் காலத்தில். ஏடுகள் டச்சுக்காரர் வழியாக நெதர்லாந்துக்குப் போய் லைடன் செப்பேடு என்று பெயர் பெற்றன. அதில் பெண் யானையை நடத்தி ஊர் எல்லை வகுக்கிறார்கள். நிலம் சுமார் 97 வேலி. நெல் 8,900 கலத்துக்கு மேல். வேலிக்குச் சராசரி 92 கலம் என்று வருகிறது, பெரிய கோயிலுக்குப் போன வீதத்தை ஒட்டியே. சிவனுக்கு அளந்தாலும் புத்தருக்கு அளந்தாலும் ஆனைமங்கலத்தில் சேற்றில் இறங்கியவன் ஒருவனே. பிக்குகள் அவனுக்கு என்ன சொல்லித்தந்தார்கள் என்று செப்பேடு பேசவில்லை. பௌத்தத்தின் அறம் வேறு, அரசன் வளர்த்த விகாரையின் பண்டாரம் வேறு. பண்டிதர் மீட்க நினைத்தது முதலாவதை. சோழப் பெருமை பேசுவோருக்கு எதிராக நாமும் ஒரு பொற்காலத்தைக் கட்டி நிறுத்தினால், அதன் அடிப்பீடத்தையும் ஒருநாள் யாராவது குனிந்து படிப்பார்கள்.

உழைத்தவனின் கூலி எழுத்தில் ஏற நம் வட்டாரத்தில் எவ்வளவு காலம் ஆனது தெரியுமா? 1944இல் இதே மன்னார்குடியில் விவசாயச் சங்கத்தாரும் மிராசுதார்களும் ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். சவுக்கடியும் சாணிப்பாலும் நிற்க வேண்டும், கூலி நெல் கூட வேண்டும் என்பவை அந்தப் போராட்டத்தின் கோரிக்கைகள். 1952இல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் கூலி நெல்லுக்கான சண்டை ஓயவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். இவை நடந்தது நம்முடைய தாத்தா பாட்டி காலத்தில். இராசராசன் மரக்காலுக்குப் பெயர் சூட்டியதற்கும் இவற்றுக்கும் இடையே தொள்ளாயிரத்துச் சொச்சம் ஆண்டுகள்.

கடைசியாக மாணவர்களுக்கு ஒரு வேலை. கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேடு என்று ஒன்று இருக்கும். உங்கள் ஊரின் ஒவ்வொரு சர்வே எண்ணும் அதில் இருக்கிறது. தீர்வை இல்லாத புறம்போக்குகளைப் பாருங்கள்: நத்தம், கோயில், குளம், வாய்க்கால், மயானம். பெரிய கோயில் அடிப்பீடத்தில் படித்த அதே வரிசை போலத் தோன்றும். மயானம் எத்தனை என்று எண்ணுங்கள். எது யாருக்கு என்று பதிவேட்டில் இல்லாவிட்டால் ஊரில் கேட்டு எழுதுங்கள். அதற்குப் போகும் பாதை வரைபடத்தில் இருக்கிறதா, அல்லது ஐப்பசி மழையில் நட்ட வயலின் வரப்பில்தான் பாடையைத் தூக்கிப் போகிறார்களா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பத்து ஊர்களின் நகல்கள் சேர்ந்துவிட்டால், பக்கத்தில் கல்வெட்டுப் பட்டியலையும் வைத்து ஒரு சிறு நூலாக அச்சிடலாம் என்றிருக்கிறோம். நகல் எடுக்கும் செலவை அமைப்பு ஏற்கும்.