பெட்டி எங்கே?

ஏதென்ஸ்! அந்தப் பெயரைக் கேட்டதும் ஏடறிந்தோர் நெஞ்சிலே கிரேக்கம் தோன்றும்; மக்களாட்சி தவழ்ந்த தொட்டில் தோன்றும். தோழர்களே, நாம் சொல்ல வந்தது அந்த ஏதென்ஸ் அல்ல. அமெரிக்க நாட்டின் டென்னஸி மாநிலத்திலே, மெக்மின் மாவட்டத்தின் தலைநகராக இருக்கும் சிற்றூர் இது. பெயரை மட்டும் கிரேக்கத்திடம் கடன் வாங்கினார்கள். மக்களாட்சியை வாங்க மறந்துவிட்டார்கள். அதை வாங்கி வரப் பட்டாளத்துக்காரர்கள் ஊர் திரும்ப வேண்டியிருந்தது. ஆண்டு 1946.

அந்த மாவட்டத்திலே 1936 முதல் கோலோச்சியவர் பால் காண்ட்ரெல். பதவியின் பெயர் ஷெரீப். போலீஸ் அதிகாரிதான், ஆனால் மக்களின் ஓட்டுப் பெற்று வரவேண்டிய அதிகாரி. பிறகு அவர் மாநில செனட்டுக்குப் போனார். ஷெரீப் நாற்காலியிலே தம் ஆள் பாட் மான்ஸ்பீல்டை அமர்த்திவிட்டுப் போனார். அந்தப் பதவிக்கு வருமானம் எப்படி வந்தது தெரியுமா? ஆளைப் பிடித்தால் ஒரு கட்டணம். அடைத்தால் ஒரு கட்டணம். விடுவித்தால் அதற்கும் ஒரு கட்டணம்! ஆள் பிடித்தால் காசு என்று சட்டமே சொன்னால், ஆள் பிடிப்பவன் சும்மா இருப்பானா? ஊர் வழியே போகும் பஸ்ஸை நிறுத்தினார்கள், தூங்கிக்கொண்டிருந்த பயணியைத் தட்டி எழுப்பினார்கள், "குடித்திருக்கிறாய்" என்றார்கள், "கட்டு அபராதம்" என்றார்கள். அபராதம் அவனுக்கு, ஆதாயம் அவர்களுக்கு.

எதிர்த்து ஓட்டுப் போட்டு விரட்டலாமே என்பீர்கள். போட்டார்கள்! எண்ணியது யார்? சாவடியிலே இருந்த பெட்டி சிறைக்கூடத்துக்குப் போகும்; கதவு மூடும்; ஷெரீப்பின் ஆட்கள் எண்ணுவார்கள்; ஷெரீப்பின் கட்சி வெல்லும். கள்ள ஓட்டு என்றால் என்னவென்று நம் தோழர்களுக்கு நாம் பாடம் நடத்தத் தேவையில்லை. 1940, 1942, 1944 என்று மூன்று தேர்தல்களிலும் வாஷிங்டனில் உள்ள நீதித்துறைக்கு முறையீடு போயிற்று. நடவடிக்கை? ஒன்றுமில்லை.

போர் முடிந்தது. அந்த ஒரு மாவட்டத்திலிருந்து சென்ற ஏறத்தாழ 3,000 பேர் திரும்பி வந்தார்கள். வட ஆப்பிரிக்க மணலிலே நின்றவன், பசிபிக் தீவுகளிலே சேற்றில் கிடந்தவன், ஐரோப்பாவிலே பனியில் விறைத்தவன். எதற்காகப் போனாய் என்றால், "ஜனநாயகத்தைக் காக்க" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள். காத்துவிட்டு வந்தார்கள், வந்து பார்த்தால் சொந்த ஊரிலே ஜனநாயகம் சிறைக்கூடத்துக்குள்ளே பூட்டிக் கிடக்கிறது!

கூடினார்கள். கட்சி சாராப் பட்டாளத்தார் சங்கம் என்று அமைத்தார்கள். பட்டாளத்து அடையாளச் சீட்டைக் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். ஐந்து வேட்பாளர்களை நிறுத்தினார்கள்: மூவர் குடியரசுக் கட்சிக்காரர், இருவர் ஜனநாயகக் கட்சிக்காரர். ஷெரீப் பதவிக்கு, வட ஆப்பிரிக்கப் போர்முனையிலிருந்து திரும்பிய நாக்ஸ் ஹென்றி. வரி குறைப்போம், பாலம் கட்டுவோம் என்றெல்லாம் அடுக்கவில்லை. நீ போட்ட ஓட்டு, நீ போட்டபடியே எண்ணப்படும் என்பதுதான் அவர்கள் தந்த பெரிய வாக்குறுதி.

ஆகஸ்ட் 1. வழக்கமாகப் பதினைந்து பேர் காவல் நிற்கும் தேர்தலுக்கு, சுமார் 200 பேரைத் துப்பாக்கியுடன் இறக்கினார்கள். தண்ணீர் நிலையத்துச் சாவடிக்கு டாம் கில்லஸ்பி வந்தார்; முதியவர், உழவர், கருப்பினத்தவர். "உனக்கு இங்கே ஓட்டில்லை" என்றான் காவலன். முதியவர் வாதாடினார். இரும்புக் கைமுட்டியால் அடித்தான். ஓடியவரை முதுகிலே சுட்டான். அவர் பிழைத்தார், சுட்டவன் பின்னர் சிறைக்குப் போனான். பட்டாளத்தார் சார்பிலே சாவடியில் அமர்ந்த பார்வையாளர்களையும் உள்ளேயே பிடித்து வைத்தார்கள். இருவர் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே பாய்ந்தார்கள். மாலையிலே பெட்டிகள் வழக்கம்போல் சிறைக்கூடத்துக்குப் போயின.

அன்றிரவு நடந்ததை உலகப் பத்திரிகைகள் கொட்டை எழுத்திலே போட்டன. அரசாங்க ஆயுதக் கிடங்கைத் திறந்து துப்பாக்கிகளை எடுத்தார்கள் பட்டாளத்தார், சிறையைச் சூழ்ந்தார்கள், "பெட்டி எங்கே?" என்று கேட்டார்கள். பதில் வரவில்லை. விடியற்காலை வரை சண்டை. டைனமைட் வெடித்தது, உள்ளே இருந்தவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். பலர் காயமுற்றார்கள்; உயிர் ஒன்றும் போகவில்லை. ஓட்டுகளை எண்ணினார்கள்: ஹென்றிக்கு 2,175, காண்ட்ரெலுக்கு 1,270.

துப்பாக்கி தூக்கியதை நாம் மெச்சவில்லை. அன்று உயிர்ச்சேதம் இல்லாமற் போனது வெறும் நல்வாய்ப்பு. பல நாடுகளிலே பட்டாளம் வாக்குப்பெட்டியருகே வந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகத்தான் வரும். அது நாமறிந்த கதை. நாம் இதைச் சொல்வது துப்பாக்கிக்காக அல்ல, அந்தக் கேள்விக்காக. ஓட்டு இருக்கிறது, சாவடி இருக்கிறது, சட்டம் இருக்கிறது. ஆனால் எந்த அறையிலே முடிவு நடக்கிறதோ அந்த அறைக்குள் நுழைய யாருக்கு உரிமை?

ஏதென்ஸிலே அது எண்ணும் அறை. அதே கோடையிலே, மிசிசிப்பி மாநிலத்திலே அது வேறோர் அறை. அதை விளக்க வேண்டும்; சற்றுப் பொறுங்கள்.

அமெரிக்காவிலே பொதுத் தேர்தலுக்கு முன்னே ஒரு தேர்தல் உண்டு. பிரைமரி என்பார்கள், நாம் முன்தேர்தல் என்போம். கட்சியின் வேட்பாளர் யார் என்பதை அங்கே தலைமைக் கழகம் முடிவு செய்வதில்லை, வாக்காளர்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். கேட்க இனிக்கிறது அல்லவா! ஆனால் அன்றைய தென் மாநிலங்களிலே ஒரே கட்சிதான் கொடி பறக்கவிட்டது. முன்தேர்தலில் வென்றவன் வென்றவன்தான். பொதுத் தேர்தல் வெறும் சடங்கு. டெக்சாஸ் மாநிலம் 1923இல் கருப்பின மக்களை ஜனநாயகக் கட்சியின் முன்தேர்தலிலே நுழையவிடாதே என்று சட்டமே போட்டது. சட்டம் நீதிமன்றத்திலே விழுந்ததும், "கட்சி எங்கள் சொந்தச் சங்கம், யாரைச் சேர்ப்பது என்பது எங்கள் விருப்பம்" என்றார்கள். கோயில் எங்களுடையது, குளம் எங்களுடையது என்று நம் நாட்டிலே சொன்னவர்களின் குரல் காதிலே ஒலிக்கிறதா? 1935இல் உச்ச நீதிமன்றம் அதற்குத் தலையசைத்தது. ஹூஸ்டன் நகரப் பல் மருத்துவர் லானி ஸ்மித் தொடுத்த வழக்கிலே, 1944இல் அதே நீதிமன்றம் அந்தப் பூட்டை உடைத்தது.

பூட்டு உடைந்தது ஏட்டிலே. 1946 ஜூலை 2. மிசிசிப்பியில் டிகேட்டர் என்ற ஊர். மெட்கர் எவர்ஸுக்கு அன்று 21 வயது நிறைந்தது. நார்மண்டியிலே பணியாற்றித் திரும்பிய கருப்பின வீரர். அண்ணன் சார்லஸும் வேறு சில கருப்பினப் பட்டாளத்தாரும் உடன்வர, முன்தேர்தலிலே ஓட்டுப் போடப் போனார். எதிரே துப்பாக்கியுடன் வெள்ளையர் கூட்டம். திரும்பினார்கள். ஹிட்லரின் படை நிறுத்த முடியாதவரை ஊர்க்காரர் நிறுத்தினார்கள்! ஆனால் அவர்கள் வாய்மூடி வீட்டிலே அடங்கிவிடவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் ஜாக்சன் நகரிலே செனட் குழு விசாரணைக்கு வந்தபோது, கருப்பினப் பட்டாளத்தார் வரிசையிலே வந்து நின்று, தங்களை அடித்ததையும் மிரட்டியதையும் வெள்ளையர் முகத்துக்கு நேரே சாட்சி சொன்னார்கள். குழுவின் பெரும்பான்மையோர் செனட்டர் பில்போ மீது குற்றமில்லை என்றார்கள். 1963இல் எவர்ஸ் தம் வீட்டு வாசலிலே சுட்டுக் கொல்லப்பட்டார். வாக்குரிமைச் சட்டம் வந்தது 1965இல்.

இன்று? நிறத்தைச் சொல்லி விரட்ட முடியாது. ஆனால் முன்தேர்தல் அறைக்குப் பல மாநிலங்களிலே இன்னும் தாழ்ப்பாள் உண்டு. கட்சியின் பெயரிலே பதிவு செய்தவர்தான் நுழையலாம். அன்றைய கொடுமையும் இதுவும் ஒன்றல்ல. எவரும் போய்ப் பெயரைப் பதிந்துகொள்ளலாம் என்ற பதில் அவர்களிடம் இருக்கிறது. ஆயினும் தொகுதிகளிலே பெரும்பாலானவை ஏதேனும் ஒரு கட்சியின் கோட்டை. முன்தேர்தலில் முடிந்தது முடிந்ததுதான். அங்கே நுழைய முடியாதவனுக்குக் கிடைப்பது மிச்சம்.

இந்தத் தாழ்ப்பாளைத் தட்டிக்கொண்டிருப்பவர்களிலே பட்டாளத்தார் முன்வரிசையிலே நிற்கிறார்கள். 'வெட்டரன்ஸ் ஃபார் ஆல் வோட்டர்ஸ்' என்றே ஓர் அமைப்பு. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானத்திலும் நின்றவர்கள் அதிலே உண்டு. முன்தேர்தலை எல்லோருக்கும் திறந்துவிடு என்கிறார்கள். அலாஸ்கா மாநிலம் 2020இல் ஏற்றுக்கொண்ட முறையிலே எல்லா வேட்பாளரும் ஒரே சீட்டிலே நிற்பார்கள். முதல் நால்வர் பொதுத் தேர்தலுக்குப் போவார்கள். அங்கே வாக்காளர் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்துவார். 2024இல் அதை ஒழிக்க ஓட்டெடுப்பு நடந்தது. மூன்று லட்சத்துக்கும் மேல் ஓட்டுகள் விழுந்தன. ஆயிரத்துக்கும் குறைந்த வித்தியாசத்திலே முறை தப்பியது! நெவாடாவிலே 2022இல் மக்கள் ஆம் என்றார்கள். அரசமைப்பைத் திருத்த இருமுறை ஆம் வேண்டும். 2024இல் இல்லை என்றுவிட்டார்கள். அங்கே இரு கட்சிகளின் தலைமையும் சேர்ந்தே எதிர்த்தன. மற்ற எல்லாவற்றிலும் கீரியும் பாம்பும்!

நாம் கட்சிக்காரர்கள். கொடியைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் அல்லர். கட்சியே கூடாது என்று உபதேசிப்பவர்களிடம் நமக்கு நம்பிக்கையும் இல்லை. ஏதென்ஸைப் பாருங்கள். கட்சி சாராச் சங்கத்தின் தலைவர்கள் ஐவரிலே நால்வர், 1947 ஜனவரியிலேயே, ஒரு கும்பலை ஒழித்து அதைவிட வலிய இன்னொன்றை உருவாக்கிவிட்டோம் என்று வெளிப்படையாகக் கடிதம் எழுதினார்கள். ஷெரீப்பின் கட்டணக் கொள்ளை ஒழிந்து சம்பளம் வந்தது, அது நிலைத்தது. சங்கம் நிலைக்கவில்லை. கட்டுக்கோப்பில்லாத நல்லெண்ணம் எத்தனை நாள் தாங்கும்?

ஆனாலும் இந்த வழக்கிலே நாம் பட்டாளத்தார் பக்கம்தான். தன் வேட்பாளரைக் கட்சி தானே பொறுக்கிக்கொள்ளட்டும்; தன் மாளிகையிலே, தன் செலவிலே செய்யட்டும். அமெரிக்காவிலே முன்தேர்தலை நடத்துவது சர்க்கார். சாவடி சர்க்காருடையது, அலுவலர் சர்க்காருடையவர், செலவு ஊரார் வரிப்பணம். சொந்தச் செலவென்றால் சொந்தக் கதவு. ஊர்ச் செலவென்றால் ஊர்க் கதவு!

பென்சில்வேனியா மாநிலத்திலே இன்றும் மூடிய முறைதான். எந்தக் கட்சியிலும் சேராமல், இரு பெருங்கட்சிகளுக்கும் வெளியே நிற்கும் வாக்காளர் பத்து லட்சத்துக்கும் மேல். போர்முனையிலே நின்றவர்களும் அவர்களிலே உண்டு. முன்தேர்தல் நாளன்று அப்படி ஒருவர் சாவடிக்குப் போனால், ஏதேனும் பொதுக் கேள்விக்கு ஓட்டெடுப்போ இடைத்தேர்தலோ இருந்தாலொழிய, அவர் கையிலே கொடுக்க அங்கே சீட்டில்லை. அவர் கட்டிய வரியிலே வாங்கிய மேசையின் மறுபுறம் இருந்தபடி, அலுவலர் அதை அவரிடம் மரியாதையாகவே சொல்லி அனுப்புகிறார்.